பத்ரோனுக்கு வாங்கிய கதிரை

1

அன்றைக்குக் காட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். எங்கள் பத்ரோன், அதாவது நான் வேலை செய்கிற ரெஸ்டோரன்டின் முதலாளி. அவருடைய வேட்டைக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் பல் வைத்தியர், மற்றவர் பழைய கார் வாங்கி விற்கிறவர். பத்ரோனின் நாய். கீதன். நான். மழை விட்ட பிறகு வந்து சேர்ந்த சீருடைக்காரர் இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை. பன்றிகூட வரவில்லை.

இந்தக் கிழமை பத்ரோன் நிலவறைக்குள் இருந்து கதிரையை மேலே கொண்டுவந்து, ஈரத்துணியால் துடைத்து, சமையலறைக் கதவோடு சாத்தி வைத்திருக்கிறார். வேட்டைக் காலம் திரும்பவும் தொடங்கிவிட்டது. பாரிசில், லா சப்பல் மெட்ரோ வாசலில் தள்ளுவண்டிக்காரர் கடலைக்குப் பதிலாகக் கஸ்தானியா கொட்டை சுடத் தொடங்கினால் அதுதான் அடையாளம். நான் உருளைக்கிழங்கு சீவுகிற இடத்தில் இருந்து நிமிர்ந்தால் நேரே அந்தக் கதிரைதான் தெரிகிறது. மூன்று கால், பச்சைத் துணி, தோளில் கொழுவ ஒரு பட்டி. அதைத் தெரிவு செய்தவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு விஷயத்தைச் சுருக்கிச் சொல்ல எனக்கு வராது; சொல்லும்போதே பத்துப் பயம் குறுக்கே வரும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் வேட்டை என்றால் நாய்க்குப் பின்னால் ஓடுகிறது. இங்கே பத்ரோன் போகிற வேட்டையில் ஓட்டமே கிடையாது. சொல்லிவிட்ட இடத்தில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு மணித்தியாலம் அசையாமல் இருக்கவேண்டும். இருமக்கூடாது. கால் மாற்றக்கூடாது. பன்றி மரத்துக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க எங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்குமாம். ஆகவே இந்த வேட்டையில் துவக்குக்கு அடுத்த பெரிய சாமான் கதிரை.

2

எங்கள் ரெஸ்டோரன்ட் லா சப்பலில் இருந்து நடந்து போகிற தூரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளைக்காரர் சாப்பிடுகிற இடம். மேலே வெள்ளை மேசைத்துணி. கீழே நாங்கள் மூன்று பேர். யோகன் சமையல், நான் மரக்கறியும் சலாட்டும், கீதன் கோப்பை கழுவுகிறவன்.

கீதன் வன்னிப் பிள்ளை. முப்பது வயதை இன்னும் தொடவில்லை. அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடி. கூசேன்வில்லில் ஒரு அறையில் நான்கு பேரோடு இருந்தான். அந்த அறைக்கு மேலால்தான் விமானங்கள் இறங்கும். ஒவ்வொன்று இரையும்போதும் “அந்தா, என்ர பஸ் வருது” என்பானாம். அப்படிப்பட்ட பகிடிக்காரன். சுடுதண்ணீரில் ஊறி ஊறி அவனுடைய விரல் நுனிகள் எப்போதும் வெள்ளையாக இருக்கும். “பாத்தியளோ அண்ணை, நுனியில இருந்து பிரெஞ்சுக்காரன் ஆகிக்கொண்டு வாறன்.”

முழுக்க ஆக அவனுக்கு ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டது. வேலையைக் காட்டி விசா எடுக்கிற வழி ஒன்று இங்கே இருக்கிறது. முதலாளி ஒரு படிவத்தில், இவன் என்னிடம் வேலை செய்கிறான், இனியும் வேலை தருவேன் என்று ஒப்பம் வைக்கவேண்டும். ஒப்பம் வைத்தால், இவ்வளவு காலமும் பதிவில்லாமல் வேலை வாங்கியதைத் தானே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். அதனால் பத்ரோன் இரண்டு வருடமாக “ஓம், ஓம், அடுத்த கிழமை” என்றுகொண்டே இருந்தார். நல்ல மனுசன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் முதுகில் தட்டுவார். நத்தார்ப் பண்டிகைக்கு ஆளுக்கொரு சொக்கலேட் பெட்டி தருவார். ஒப்பம் மட்டும் வைக்கமாட்டார்.

முந்தின வேட்டைக் காலத்தில் அவருடைய பழைய கதிரை நடுக்காட்டில் கிழிந்துவிட்டது. பத்ரோன் சேற்றில் இருந்துபோனார். பல் வைத்தியர் அதைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். கோடை முழுக்க அந்தக் கதைதான். சமையலறைக்குள் வந்தால் மனுசன் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு, “பாரம் இல்லாத, சத்தம் இல்லாத, என்னை ஏமாற்றாத ஒரு கதிரை இந்த நாட்டில் கிடையாதா?” என்பார்.

ஒரு நாள் யோகன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அண்ணை, அந்தாளுக்கு ஒரு கதிரை வாங்கிக் குடுப்பம். ஒப்பம் கேக்கப் போறவன் வெறுங்கையோட போனா வெறுங்கையோடதான் வருவான். ஊரில ஒப்பம் வாங்க விதானையாரிட்டப் போகேக்க கோழியோட போறேல்லையே?”

“அது கோழி. இது ஃபிரான்ஸ்” என்றேன்.

“ஃபிரான்ஸில கதிரை.”

கீதன் உரசிக்கொண்டிருந்த தாச்சியில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “மூண்டாப் பிரிப்பம். என்ர பங்கு மாதக் கடைசியில தாறன். நல்லதா எடுங்கோ அண்ணை. நீங்கள்தான் எல்லாத்துக்கும் பயப்பிடுறனீங்கள். பயப்பிடுறவன் எடுத்த சாமான் உடையாது.”

3

நான் பாரிசுக்குப் பக்கத்தில் பொண்டியில் இருக்கிறேன். மனைவி, மகள். மகளிடம்தான் போனேன். அபிக்குப் பதினேழு வயது. சோபாவில் படுத்தபடி போன் பார்ப்பது தொழில். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் எறிவாள். நடுவில் விழுகிறதைத் தாய் பொறுக்கிக்கொள்வாள்.

“யாருக்கு இந்தக் கதிரை?” என்றாள்.

சொன்னேன்.

“அப்பா, இதற்குப் பெயர் லஞ்சம்.”

“லஞ்சம் இல்லையம்மா. மரியாதை.”

“அந்த ஆள் கொடுக்கவேண்டிய ஒன்றைக் கொடுக்க நீங்கள் பரிசு கொடுக்கிறீர்கள். அவன் வேலை செய்கிறான்தானே? அவன் உரிமைதானே?” பிறகு பெருமூச்சு விட்டு, “எத்தனை கிலோ ஆள்?” என்றாள்.

அதுதான் முதல் சிக்கல். அவள் போனில் தேடிக் காட்டின கதிரை எல்லாவற்றிலும் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது. பாரம் குறைந்த கதிரை பாரம் கூடின ஆளைத் தாங்காது. ஒற்றைக்கால் தடிக்கதிரை இருக்கிறது. அரைக் கிலோகூட இல்லை, கையில் ஊன்றிக்கொண்டு நடக்கலாம். ஆனால் ஆள் தூங்கிவிட்டால் ஆளோடு சேர்த்துச் சாயும். நான்கு கால், முதுகுச் சாய்மனை வைத்தது சுகம், தூக்குகிறவன் செத்தான். மூன்று கால் நடுத்தரம். அதிலும் கால் நுனி கூராக இருந்தால் ஈர மண்ணில் இறங்கும். இறங்கினால் பத்ரோன் இறங்குவார். பத்ரோன் இரண்டாம் தரமும் சேற்றில் இருந்தால் கீதனின் படிவத்தை அந்தச் சேற்றிலேயே புதைத்துவிடுவார். இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. மனைவி, “கதிரை வாங்கப் போறியளோ, மாப்பிள்ளை பாக்கப் போறியளோ?” என்றாள்.

ஒரு முதலாளியிடம் போய் உங்கள் நிறை என்ன என்று கேட்க முடியுமா? கீதன்தான் வழி கண்டுபிடித்தான். நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறது. தான் பத்ரோனைவிடப் பாரம் என்று யோகனைப் பந்தயம் கட்டவைத்தான். யோகனின் வண்டி வயிறு அப்படி. பத்ரோனுக்குப் பந்தயம் என்றால் விசர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். நூற்றுப்பன்னிரண்டு. யோகன் தொண்ணூற்றெட்டில் தோற்றான். பத்ரோன் கையைத் தூக்கிக்கொண்டு, வென்ற குத்துச்சண்டைக்காரன் மாதிரிப் படியேறிப் போனார். கீதன் தராசைத் துடைத்துக்கொண்டு, “மூட்டை சரி. இனிச் சாக்கைத் தேடுங்கோ” என்றான்.

நூற்றுமுப்பது கிலோ தாங்குகிற, காலில் அகலமான ரப்பர் பாதம் வைத்த, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாத மூன்றுகால் கதிரை. நகரத்துக்கு வெளியே வேட்டைச் சாமான் விற்கிற கடையில் நூற்றிருபத்தாறு யூரோ. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “வேட்டைக்கா, மீன்பிடிக்கவா?” என்றார். நான் “ஒப்பத்துக்கு” என்று சொல்லவில்லை.

வாங்கின பிறகுதான் பயம் கூடியது. எழுதியிருக்கிறதை நம்பலாமா? நீண்ட நேரம் இருந்தால் துணி தொய்யுமா? எழும்பும்போது கிரீச்சிடுமா? இருந்து பார்க்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில், ரூ காய் என்கிற வீதியில் ஒரு மளிகைக் கடைக்கு முன்னால், வாழைக்காய்ப் பெட்டிக்கும் முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் விரித்துவிட்டு இருந்தேன். யோகனும் கீதனும் காவல். இரண்டு மணித்தியாலம் என்று திட்டம்.

லா சப்பல் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரியாது. ஐரோப்பா முழுக்க இருக்கிற தமிழ்ச்சனம் மீனும் சீலையும் வாங்க அங்கேதான் வரும். ஒருத்தரும் சும்மா கடந்து போகவில்லை.

“என்னண்ணை, விசாவுக்கோ? பிரிஃபெக்சர் கந்தோர் அந்தப் பக்கம்.”

“கால் ஏலாட்டி வீட்டில இருக்கலாமே.”

“பென்சன் எடுத்திட்டாரோ? முகத்தைப் பாத்தா இன்னும் எடுக்கேல்லைப் போல.”

கடைக்காரத் தம்பி வெளியே வந்து, “அண்ணை, செத்தவீட்டு வாசல்ல இருக்கிற மாதிரி இருக்காதையுங்கோ, யாவாரம் கெடுது” என்றான். ஒரு மனுசி, நல்ல பட்டுச்சீலை, என் மடியில் ஐம்பது சதம் போட்டுவிட்டுப் போனார். நான் அசையவில்லை. வேட்டையில் அசையக்கூடாது. யோகன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

கீதனுக்கு அது காணாது. பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து உறுமிக்கொண்டு பன்றியாக வந்தான். யோகன் ஒரு முருங்கைக்காயை உருவி என் கையில் தந்தான். “சுடுங்கோ அண்ணை, சுடுங்கோ!” சுட்டேன். கீதன் வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு காலையும் தூக்கிக்கொண்டு விழுந்து செத்தான். சனம் கைதட்டியது.

அப்போது போலீஸ் வண்டி ஒன்று வீதிக்குள் மெதுவாகத் திரும்பியது. செத்த பன்றி எழும்பி, கடைக்குள் போய், மிளகாய்த்தூள் பைகளின் விலையை வாசிக்கத் தொடங்கியது. வண்டி போன பிறகும் நெடுநேரம் வாசித்தது.

கதிரை தேறிவிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் என் இடக்கால் விறைத்ததே தவிர, துணி தொய்யவில்லை. எழும்பினபோது ஒரு சத்தம் இல்லை.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேலே மேசைகள் வெறிச்சோடின நேரம் பார்த்துக் கொடுத்தோம். யோகன் வீட்டில் இருந்து தட்டம் கொண்டுவந்தான். தட்டத்தில் கதிரை, கதிரைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம், பழத்துக்குமேல் படிவம். நல்ல காரியப் பேப்பர் என்று யோகனின் மனைவி நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசி அனுப்பியிருந்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்களில் ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை.

பத்ரோன் படிவத்தின் மூலையைத் தொட்டார். விரலை மணந்தார்.

“இது என்ன, கறியா?”

யோகன் தன் பிரெஞ்சில், அது மங்களம், கலியாணத்துக்குப் பூசுகிறது என்றான்.

“அப்படியென்றால் நான் யாரைக் கட்டப்போகிறேன்? இவனையா?” கீதனைக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கீதன்தான் கூடச் சிரித்தான்.

கதிரையை விரித்தார். இருந்தார். முன்னுக்குச் சாய்ந்தார், பின்னுக்குச் சாய்ந்தார். முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. சமையலறை நடுவில் இருந்துகொண்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். “ஒரு சத்தம் இல்லை” என்றார். “யார் தெரிவு செய்தது?” எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு படிவத்தை இரண்டு விரலால் தூக்கினார். “இதை இப்படி அனுப்பினால் நான் சாப்பாட்டுக் கோப்பையைத் துடைத்து அனுப்பினதாக நினைப்பார்கள். சுத்தமாக இன்னொன்று எடுத்து வாருங்கள். ஞாயிறு வேட்டை. வேட்டை முடிந்து திரும்பும்போது வைக்கிறேன், சத்தியம்.” வாசல்வரை போய்த் திரும்பி, கீதனையும் என்னையும் பார்த்தார். “சின்னவனே, நீயும் வா. கதிரை தூக்க ஆள் வேண்டும். கிழவா, நீயும். பன்றி விழுந்தால் யாராவது உரிக்கவேண்டும்.”

சனிக்கிழமை நான் கீதனிடம் சொன்னேன், “போகாதை. பேப்பர் இல்லாதவன் வெளி மாவட்டத்துக்குப் போறது புத்தியில்லை.”

“அண்ணை, கார் பத்ரோன்ர. பக்கத்தில பத்ரோன். ரயிலில எண்டாச் செக்கிங் வரும். காட்டில ஆர் செக் பண்ணுறது, மரமோ?”

“மனுசன் வருவான்.”

“நீங்கள் ரொய்லெட்டுக்குப் போறதெண்டாலும் ரெண்டு தரம் யோசிக்கிறனீங்கள்” என்றான். “நாளைக்குப் பின்னேரம் எனக்கு ஒப்பம். அதை மட்டும் யோசியுங்கோ.”

புதுப் படிவத்தை அவன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பேனாவும் கொழுவி வைத்திருந்தான். மழை வந்தால் நனையும் என்று வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டவன் நான்.

5

பாரிசுக்குத் தெற்கே இரண்டு மணித்தியால ஓட்டம். பல் வைத்தியரின் சொந்தக் காடு. இறங்கினவுடன் எல்லோருக்கும் செம்மஞ்சள் மேலங்கி தந்தார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க. பத்ரோன் துவக்கோடு முன்னால். கீதன் கதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால். ஒரு ஓக் மரத்தடியில் விரித்து, துணியைத் தன் கையால் ஒரு தட்டுத் தட்டி, “சில்வூப்ளே பத்ரோன்” என்று இருக்கச் சொன்னான்.

என்னைக் காரடியில் விட்டார்கள். நாய் காருக்குள். அன்றைக்கு அதற்கு வேலை இல்லை, பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நான் ஒரு சின்ன அடுப்பில் சூப் சூடாக்கவேண்டும். மரங்களுக்கு ஊடாகப் பத்ரோனின் முதுகும், அவருக்குப் பின்னால் ஈர இலைமேல் குந்தியிருக்கிற கீதனும் எனக்குத் தெரிந்தார்கள். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் அசையவில்லை. மழை தூறியது, விட்டது, திரும்பவும் பெய்தது. நான் மழையைப் பார்த்தும் பயந்தேன், பன்றியை நினைத்தும் பயந்தேன். காட்டு வழியைப் பார்க்க மறந்துபோனேன்.

பத்ரோனுக்கு அலுத்துவிட்டது. எழும்பி, துவக்கில் இருந்த ரவைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டு, துவக்கை மரத்தில் சாத்தினார். அங்கால் பல் வைத்தியரிடம் கொன்யாக் போத்தல் இருந்தது. போகும்போது கீதனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

“சின்னவனே, நீ இதில் இரு. துணி நனையக்கூடாது.”

கீதன் இருந்தான். கதிரை நனையாமல் இருக்கத் தன்னை அதற்குமேல் வைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, கையால் முருங்கைக்காய் பிடிக்கிற மாதிரிக் காட்டி, கண்ணடித்தான். பிறகு குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டான். மழை விட்டது.

சீருடைக்காரர் இரண்டு பேரும் காரடிக்குத்தான் முதலில் வந்தார்கள். போலீஸ் இல்லை. வேட்டைக்காரரிடம் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிற காட்டு அதிகாரிகள். ஆனால் சீருடை சீருடைதான், இடுப்பில் துவக்கும் இருந்தது. ஒருவர் வயதானவர், மற்றவர் இளம்பிள்ளை. “நீங்கள் வேட்டையா?” என்று கேட்டார்கள். சமையல் என்றேன். இளம்பிள்ளை சூப்பை மணந்து, “நல்ல வேலை” என்றான். என்னிடம் ஒரு பேப்பரும் கேட்கவில்லை. நாயின் பேப்பரைக் கேட்டார்கள். அதற்குப் படம் ஒட்டாத குறைதான். நீலநிறப் பாஸ்போர்ட், ஊசி போட்ட தேதிகள், முத்திரை எல்லாம் இருந்தது. நாயின் பேப்பர் சரியாக இருந்தது.

பிறகு கீதன் பக்கம் நடந்தார்கள். வயதானவர் தூரத்தில் இருந்தே “பொன்ஜூர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கீதன் திரும்பினான். எழும்பினான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். முன்னுக்கு இரண்டு அடி வைத்து, ஈர இலைமேல் முழங்காலில் இருந்தான். கைகளைப் பிடரியில் கோர்த்தான். தலையைக் குனிந்தான். ஒருவரும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில், சண்டை முடிந்த கிழமை, நந்திக்கடல் பக்கம், தாயோடும் தமையனோடும் ஆமிக்காரருக்கு முன்னால் அப்படித்தான் நடந்துவந்தவன். தமையனை அங்கேயே வேறு வரிசைக்கு எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு தரம், நிலவறையில் மூட்டை தூக்கும்போது, எனக்குச் சொல்லியிருக்கிறான். சீருடை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவனுடைய உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எழும்பின வேகத்தில் கதிரை சாய்ந்து விழுந்தது. விழுந்தபோதும் அது சத்தம் போடவில்லை.

இளம்பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. “எழும்புங்கள் முசியே, எழும்புங்கள், நாங்கள் அனுமதி மட்டும்தான் பார்க்கிறோம்” என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். வயதானவர் கீதனைப் பார்த்தார். மரத்தில் சாத்தியிருந்த துவக்கைப் பார்த்தார். எதற்காக ஒருவன் கேட்காமலே முழங்காலில் இருக்கிறான் என்று அவர் யோசித்திருப்பார். “பேப்பர்?” என்றார். நாட்டுப்புறப் போலீசுக்கு, ஜெந்தார்மரிக்கு, போன் எடுத்தார்.

பத்ரோன் கொன்யாக் முகத்தோடு ஓடிவந்தார். துவக்கு அவருடையது என்று அனுமதியைக் காட்டினார். அது சரி என்றார்கள். இவர் யார்?

“எனக்குத் தெரியாது” என்றார் பத்ரோன். “என் சமையல்காரன் ஒரு நண்பனைக் கூட்டிவந்தான், காடு பார்க்க. அவனைக் கேளுங்கள்.”

என்னைக் கூப்பிட்டார்கள். என் பையில் அந்தப் படிவம் இருந்தது. ரெஸ்டோரன்டின் பெயர், பத்ரோனின் பெயர், கீதனின் பெயர், எல்லாம் அபி அழகாகத் தட்டி எடுத்தது. நான் பையின் கொழுக்கியைத் திறக்கப் போனேன். கீதன் நிலத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னான்.

“அண்ணை, எடுக்காதேங்கோ. வேலை செய்யிறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பத்ரோனுக்குப் பிரச்சினை வந்தா ஒப்பம் வைக்கமாட்டார்.”

“என்ன சொல்கிறான்?” என்று வயதானவர் என்னைக் கேட்டார்.

“குளிருதாம்” என்றேன்.

பாவம், அந்த மனுசன் கீதனைத் தங்களுடைய வண்டிக்குள் ஏற்றி, ஹீட்டரைக் கூட்டிவிட்டார்.

பின்னேரம் திரும்பும்போது காரில் நாங்கள் மூன்று பேர், நாயையும் சேர்த்து. பத்ரோன் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினார். “அந்தப் பேப்பர் உன்னிடமா இருக்கிறது?” என்றார். மனுசனுக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்து உறையோடு, பேனாவோடு நீட்டினேன். பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார். தாள்களை உறையில் இருந்து எடுத்து, காரின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பி, சேற்றுக் கதிரையை அதற்குமேல் வைத்தார். கம்பளம் பழுதாகக்கூடாதாம்.

“இனி அவனுக்கு இது தேவைப்படாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காலநிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, “கதிரை மட்டும் அருமை” என்றார்.

6

கீதனை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனேன். கண்ணாடியும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை. அவன் கதிரையை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது நூற்றுப்பன்னிரண்டு தாங்காது” என்றான். அடுத்த வாய்க்கு, “அண்ணை, பத்ரோன் வைச்சிட்டாரோ?”

அவனுக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மா சொன்னாராம், முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தால்கூட நீதிபதி முன்னால் ஏதும் பேசிப் பார்க்கலாம் என்று. நானும் யோகனும் பத்ரோனிடம் போனோம். இந்தமுறை வெறுங்கை.

“எந்தக் கீதன்?” என்றார். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

அந்த மாதச் சம்பளத்தையாவது கொடுங்கள் என்றேன். தெரியாத ஆளுக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறது என்று கேட்டார். சரியான கேள்விதான். கேட்டுவிட்டு, மாலைக்குப் புது ஆள் வருகிறான், கோப்பை குவியவிடாதே என்றார்.

வீட்டில் அபிக்கு எல்லாம் சொன்னேன். லஞ்சம் என்று முன்னமே சொன்னேனே என்று சொல்வாள் என நினைத்தேன். சொல்லவில்லை. உதவி அமைப்புகளுக்கு மூன்று நாள் மின்னஞ்சல் எழுதினாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

“அவர் சொல்ல வேண்டாம் என்றது பயத்தில். நீங்கள் குளிர் என்றது எதனால்?”

“அவன் கேட்டான், நான் செய்தன்.”

“பேப்பர் உங்களிடம் இருந்தது, அப்பா.” அதைத் தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் எந்தப் பாஷையிலும் கதைக்கவில்லை.

ஒரு காலை கீதனை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். கூசேன்வில் அறைக்காரப் பிள்ளைகள் அவனுடைய உடுப்பு மூட்டையை என்னிடம் தந்தார்கள். இறங்கின இடத்தில் இரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு விட்டார்களாம். இப்போது தாயோடு இருக்கிறான். கடையொன்றில் மூட்டை தூக்குகிறான். போனில் பகிடி விடுவான், ஆனால் முடிகிற இடத்துக்கு முன்னமே நிறுத்திவிடுவான்.

இங்கே யோகன் ஒவ்வொரு சம்பள நாளும் என்னைக் கேட்பான். “கீதன்ர பங்கு நாப்பத்திரண்டு. நீங்களும் நானும் இருபத்தொண்டு இருபத்தொண்டு கூடக் குடுத்திருக்கிறம்.”

“வெக்கமில்லையோ உனக்கு?”

“வெக்கத்துக்கு வாடகை கட்டேலாது அண்ணை. கதிரை அவனுக்கெண்டுதானே வாங்கினது?”

இந்தக் கிழமை, பத்ரோன் கதிரையைத் துடைத்து வைத்த அன்று, ரூ காயில் அதே மளிகைக் கடைக்காரத் தம்பி என்னைக் கூப்பிட்டான். “ஆரோ கீதனாம், ஊரில எங்கட அக்காவிட்டக் காசு குடுத்து, உங்களிட்டக் குடுக்கச் சொன்னவராம்.” இரண்டு இருபதும் ஒரு இரண்டு யூரோக் காசும் தந்தான். மூட்டை தூக்குகிற சம்பளத்தில் அங்கே அதைச் சேர்க்க எத்தனை மாதம் எடுத்திருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. போன் எடுத்து ஏசினேன்.

“மாதக் கடைசியில தாறன் எண்டு சொன்னனான்தானே அண்ணை” என்றான். “எந்த மாதம் எண்டு சொல்லேல்லை. கதிரை எப்பிடி, இன்னும் சத்தமில்லையோ?”

சத்தமில்லை என்றேன்.

யோகனிடம் இருபத்தொன்றைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தான். பத்ரோன் படியில் இறங்கிவந்து, ஞாயிறு கதிரை தூக்க வருகிறாயா கிழவா என்று கேட்டார். முதுகு ஏலாது என்றேன். அப்படியென்றால் புதுப் பையனைக் கூட்டிப்போகிறேன் என்றார். புதுப் பையன் கோப்பை கழுவுவதை நிறுத்தி, என்னைப் பார்த்தான். அவனுக்கும் ஒரு படிவம் இருக்கிறது.

கீதன் தன் பங்கைத் தந்துவிட்டான். இனி அந்தக் கதிரைக் கணக்கில் நிற்பது பத்ரோன் கீதனுக்குத் தரவேண்டிய அந்த மாதச் சம்பளம்: ஆயிரத்து நூற்றைம்பது யூரோ.